முப்பிடாதி எறிந்த பற்பசை

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிட்டங்கி ஒன்றில் முப்பிடாதிக்கு வேலை. சாயா குடிக்கும் நேரத்தில் பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். இவள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். பற்கள் முழுக்கத் துருப்பிடித்த தகரம் மாதிரி பழுப்புக் கோடுகள். வெற்றிலைக் கறை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இவளும் மறுத்துச் சொல்லவில்லை.

அது ஊர்த் தண்ணீரின் கறை. சாத்தூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊருக்கு இருந்தது ஒரே அடிபம்பு. பளிங்கு மாதிரி தண்ணீர். அதைக் குடித்துத்தான் அவளுடைய அண்ணன் இசக்கிராஜாவும் வளர்ந்தான். முப்பது வயதுக்குள் அவனுக்குக் கழுத்து இறுகிப்போனது. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பான். பிறகு முதுகும் வளைந்தது. அவன் படுக்கையில் விழுந்த பிறகுதான் அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதித்து, குடிக்கக்கூடாது என்று பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ஃபுளோரைடு என்ற சொல்லை முப்பிடாதி அன்றைக்குத்தான் கேட்டாள். அண்ணன் செத்தபோது உடம்பை நிமிர்த்திக் கிடத்த முடியவில்லை. ஒருக்களித்தபடியே பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கொத்தனார் சங்கரலிங்கத்தைக் கட்டிக்கொண்டு சுள்ளிக்கல்லில் வாடகை வீட்டுக்கு வந்தாள். மகள் மகா மலையாளப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாட்களில், கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் சத்தமாக வாசிப்பாள். ஒரு காலையில் பற்பசை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "ஃப்ளூ... றை... டு" என்றாள்.

அடுப்படியில் நின்ற முப்பிடாதியின் காதில் அது விழுந்தது. ஓடிவந்து அட்டையை டியூபோடு பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"ஏட்டி, என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் சங்கரலிங்கம்.

"இனிமே அது வீட்டுக்குள்ள வரக்கூடாது. உமிக்கரியும் உப்பும் போதும்."

காரணம் சொல்லவில்லை. தனக்கு ஒரு அண்ணன் இருந்ததையே அவள் மகளிடம் சொன்னதில்லை. ஆனால் அவன் அவளை விடுவதாக இல்லை. கடைத்தெருவில் மூட்டை சுமக்கிற யாராவது உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தால் இவள் நடை நின்றுவிடும். மகா தூங்கும்போது அவள் கழுத்தை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். வளைகிறது என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

மகாவுக்கு எட்டு வயதானபோது கன்னம் வீங்கியது. தோப்பும்படியில் பல் டாக்டர் ஸுப்ரியா சொத்தை விழுந்த பால் பல்லைப் பிடுங்கினார். பிறகு விளக்கைத் தாழ்த்தி, "இது கண்டோ?" என்று காட்டினார். உள்ளே புதிதாக முளைத்திருந்த கடைவாய்ப் பல்லில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு. கறை விழுவதற்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகளின் பற்களும் அப்படித்தான் வெளுத்திருக்கும்.

"வந்துட்டானே!" என்று கத்திவிட்டாள் முப்பிடாதி.

"ஆரு வந்நு, சேச்சி?"

அன்றுதான் அவள் முந்தானையை இறக்கித் தன் பற்களைக் காட்டினாள். அண்ணனைப் பற்றிய எல்லாவற்றையும் சொன்னாள்.

"சேச்சி சொன்னது சத்தியம்," என்றார் கடைசியில். "குடிக்கிற வெள்ளத்துல அது கூடிப்போனா எலும்பையே பிடிக்கும். பட்சே இவிடத்தெ வெள்ளம் அப்படியல்ல. மோளோட பல்லுல உள்ளது அந்தக் கறையும் அல்ல, சொத்தையோட துடக்கம். மதுரம் தின்னு தின்னு பல்லு அரிக்குது. ஃபுளோரைடு கொஞ்சம் மேல தடவினா அரிச்ச எடம் மறுபடி கெட்டியாகும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும். முழுங்கண்டா, துப்பிடணும்."

"அப்ப நானே பிள்ளை பல்லக் கெடுத்துட்டேனா, டாக்டரம்மா?"

டாக்டர் மருந்துக் குப்பியைத் திறந்து, "தடவட்டே?" என்று கேட்டார்.

முப்பிடாதி மகளின் கையைப் பற்றிக்கொண்டு தலையசைத்தாள். பிசின் மாதிரி ஒரு மருந்து. சின்ன பிரஷ் பல்லில் படும்போதெல்லாம் இவளுடைய முதுகில்தான் எதுவோ இறுகியது. சன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அங்கே அவன் ஒருக்களித்து நிற்பான் என்று பட்டது.

திரும்பி நடக்கையில் மகா கேட்டாள்: "அம்மா, அந்த மாமா என்னைக் கண்டிட்டுண்டோ?"

"இல்ல. நீ பொறக்குமுன்னே போயிட்டாரு."

"மாமா பாவமல்லே? ஆரும் மருந்து வைக்கலையா?"

முப்பிடாதி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது திட்டு பெரிதாகவில்லை. டாக்டர் மறுபடி தடவிவிட்டார். முப்பிடாதி அவரை நம்பினாள். வீட்டில் பற்பசையும் வாங்கி வைத்தாள். ஆனாலும் மகா பல் தேய்க்கும்போதெல்லாம் பக்கத்திலேயே நிற்கிறாள். "துப்பு... இன்னும் துப்புட்டி!" என்று அவள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டு ஷபானா சிரிப்பாள். நுரை முழுவதும் குழாயடியில் ஓடி மறையும் வரை முப்பிடாதி அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.