மலிகாவின் சுரைக்காயும் அல்மாஸ் வீட்டுக் கிடாவும்

பரங்கிப்பேட்டையில் மலிகாவோடு மோதி ஜெயித்த உயிர் ஒன்றே ஒன்றுதான். அது பக்கத்து வீட்டு அல்மாஸின் கிடா.

அதற்கு முன்னால் அவளிடம் வாலாட்டியதெல்லாம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கொல்லையில் கையகல இடம். அதில் கத்தரி, வெண்டை, தக்காளி, பந்தலில் சுரை. தக்காளி சிவக்கும் முன்பே கடித்துப் போட்ட அணிலுக்காகப் பழைய மீன்வலையை வாங்கி வந்து கட்டினாள். வேரோடு பறித்துப் போட்ட பெருச்சாளிக்குக் கூண்டுக்குள் கருவாட்டுத் தலை. நத்தைக்கு உப்பு. "நான் தண்ணி ஊத்தி வளப்பேன், நீங்க வந்து விருந்து சாப்புடுவீங்களா? ஒங்க அப்பன் வூட்டுக் கொல்லையா இது?" என்று வெண்டைப் புழுவிடம்கூட மல்லுக்கு நிற்பாள். தன்னைத்தான் திட்டுகிறாள் என்று பயந்து தபால்காரர் ஒருமுறை வாசலோடு திரும்பிவிட்டார்.

மலிகா பிறந்தது பக்கத்து ஊரான கிள்ளையில். கட்டிக்கொண்டு வந்த வருஷமே கணவர் நாசர் குவைத்துக்குப் போய்விட்டார். பேச ஆளில்லாத வீட்டில் செடிகளோடு பேசிப் பழகினாள். பேச்சில் பாதி வசவுதான்.

நாலு வருஷமாக ஊர்ப்பக்கம் வராத நாசர், இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவதாகப் போனில் சொன்னார். "நம்ம கொல்லச் சொரக்காயப் போட்டுப் பருப்பும் கறியுமா தால்ச்சா வெக்கணும், ஆமா. இங்க கெடைக்கிறதெல்லாம் சக்கை." அதற்கென்றே விதை ஊன்றினாள். பூத்ததையும் பிஞ்சு விட்டதையும் வீடியோ காலில் காட்டிக் காட்டிப் பூரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அல்மாஸ் சேத்தியாத்தோப்புச் சந்தையிலிருந்து, பெருநாளில் அறுத்துப் பங்கிடும் குர்பானிக்குக் கிடா வாங்கி வர வேண்டும்! கட்டிப் போட்டால் இளைத்துவிடுமாம். அவிழ்த்து விட்டாள். அது வேலியை முட்டிக்கொண்டு வந்து முதல் நாளே வெண்டையை மொட்டையடித்தது. மலிகா கழியை எடுத்தாள். அவளை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் அல்மாஸ் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"லாத்தா, அடிச்சிடாதீங்க! கால் நொண்டிடுச்சின்னா குர்பானி செல்லாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லியிருக்காங்க."

"அப்ப கட்டிப் போடுடி!"

"கட்டுனா கத்துது லாத்தா. பாவம், இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கப் போவுது."

"அதுக்குக் கொஞ்ச நாளு. என் சொரக்காய்க்கு?"

அல்மாஸ் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பில்தான் மலிகாவுக்கு வயிறு எரிந்தது. தகரம் வைத்து அடைத்தாள், முள் வெட்டிப் போட்டாள். கிடா இரண்டையும் முட்டித் தள்ளியது. எட்டிய காயெல்லாம் போய், பந்தல் உச்சியில் ஒரே ஒரு சுரைக்காய் மிஞ்சியது. அதைக் கொடியிலேயே விட்டு அரிசிச் சாக்கால் மூடிக் கட்டினாள். அன்றே பறித்திருக்கலாம். பெருநாள் காலையில் பறித்தால்தான் பதமாக இருக்கும் என்று விட்டு வைத்தாள், பாவி.

பெருநாளுக்கு முதல் நாள் மதியம் நாசர் வந்து இறங்கினார். அசதியில் அவர் தூங்கிக்கொண்டிருக்க, கொல்லையில் சடசடவென்று சத்தம். மலிகா ஓடினாள். துவைக்கும் கல்மேல் ஏறி, பந்தலில் முன்னங்காலை ஊன்றி நிற்கிறது கிடா. சாக்கு கிழிந்து தொங்குகிறது. வாயில் காய்.

கழியை ஓங்கினாள். காலுக்கு ஒரே ஒரு போடு போதும். ஓங்கிய கை அப்படியே நின்றது. இரக்கமாவது மண்ணாவது! அல்லாவுக்கென்று நேர்ந்துவிட்ட கிடா அது. நாளை மறுமையில் இதற்கு அல்மாஸா வந்து பதில் சொல்லப் போகிறாள்? கிடா அவளைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தின்று முடித்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது மலிகாவுக்கு. கழியை வீசிவிட்டு, கொடியில் மிஞ்சியிருந்த காம்பைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் தொழுகை முடிந்து, அறுத்துப் பங்கு போட்டு, அல்மாஸ் தட்டு நிறையக் கறியோடு வந்தாள். புதுப் புடவை, வாயெல்லாம் பல்.

"லாத்தா, ஒங்க பங்கு. அப்புறம்... தால்ச்சாவுக்குக் கடையில சொரக்காயே இல்ல. ஒங்க கொல்லையில ஒண்ணு இருந்திச்சே, பாதி குடுங்களேன்."

மலிகா தட்டை உள்ளே கொண்டுபோய்க் கறியைச் சட்டியில் கொட்டினாள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. தட்டைக் கழுவி, முந்தானை முடிச்சை அவிழ்த்து, காம்பை நட்டநடுவில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாடி, சொரக்கா. எனக்குன்னு ஒன் கெடா வுட்டுட்டுப் போனது இதான். மீதிய நீ காலையிலேருந்து தெருவுக்கே பங்கு போட்டுக்கிட்டு இருக்கியே."