கனிமொழிக்குச் செய்த கொத்சு

சேத்தியாத்தோப்பில் பைக் மெக்கானிக்காக இருக்கும் ஸ்ரீதருக்குத் தண்ணீர் குடிக்க மட்டுமே சமையற்கட்டுக்குப் போய்ப் பழக்கம். மனைவி கனிமொழிக்கு மசக்கை வந்தபோது எதைச் சாப்பிட்டாலும் குமட்டியது. ஒருநாள் அவளே வாய்விட்டுக் கேட்டாள்: "சிதம்பரம் கொத்சு இருந்தா ரெண்டு இட்லி சாப்புடுவேங்க."

உடனே வண்டியை எடுத்தான். சிதம்பரத்து ஓட்டலில் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் முடிச்சை அவிழ்த்ததும் கனிமொழி வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினாள். "கோச்சிக்காதீங்க, கவர் வாடை அடிக்குது," என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஸ்ரீதர் மோந்து பார்த்தான். தினமும் டீயைக்கூடக் கவரில் வாங்கிக் குடித்தவனுக்கு அன்றுதான் அந்த வாடை தெரிந்தது.

மறுநாள் துணிப்பையோடு போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தான். "நீ உக்காந்து சொல்லு, நான் செய்யறேன்," என்றான். அவள் ஜன்னலோரம் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, கத்தரிக்காயைச் சுட்டு மசித்தான். மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்தான். புளியைக் கரைத்து ஊற்றினான்.

"உப்பு ஜாஸ்திங்க!" என்று சிரித்துக்கொண்டே கனிமொழி இட்லியைக் கொத்சில் தொட்டுச் சாப்பிட்டாள். குமட்டவில்லை. இன்னொரு இட்லி கேட்டாள்.

இப்போதெல்லாம் ஸ்ரீதர் எவர்சில்வர் தூக்கு இல்லாமல் கடைக்குப் போவதில்லை. "இன்னா மச்சான், புள்ளத்தாச்சிக்கு இன்னிக்கும் நீதான் சமையலா?" என்று கறிக்கடைக்காரர் கேலி செய்வார். அவன் வெட்கத்தோடு மூடியைத் திறந்து தூக்கை நீட்டுவான்.