ஒரு வாரம் தள்ளிச் சொன்ன நாள்

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு வெங்கடம்மாளுக்கு மாதா மாதம் ஒரு தண்டனை இருந்தது. வீட்டுக்குத் தூரமானால் கொல்லையில் ஓலைச் சாய்ப்பின் கீழ் மூன்று நாள் தனியாக உட்கார வேண்டும். தெருவில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லாதவள் அங்கே போய் உட்கார்ந்தால், இந்த மாசமும் இல்லை என்று தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி. மாமியார் முத்துமணி வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.

வெங்கடம்மாள் தூரமானதை ஒளிக்கத் தொடங்கினாள். முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், கடைசியில் ஒரு வாரம். அந்த ஒரு வாரம், நாள் தள்ளியிருக்கிறது என்ற நம்பிக்கையில் மாமியார் முகமே வேறாக இருக்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடமாட்டாள். தட்டில் ஒரு கரண்டி நெய் கூட விழும். பாவம், அந்த நெய்க்கு யார்தான் ஆசைப்படமாட்டார்கள்? ஆனால் அதே நாட்களில் அவள்தான் குலதெய்வம் சௌடம்மன் படத்துக்கு விளக்கும் ஏற்ற வேண்டியிருந்தது. தீட்டோடு ஏற்றினாள். வாரம் முடிந்ததும், சுத்தமான உடம்போடு, வெறும் துணியை நனைத்து வேலியில் காயப்போட்டுவிட்டு, அழுதுகொண்டே போய்ச் சாய்ப்பில் உட்காருவாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் புருஷன் சென்னய்யா அவளை மதுரைக்குக் கூட்டிப்போனான். லேடி டாக்டர் புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். சில மாதம் கழித்துச் சொன்னார்: "கருமுட்டை வெளிவந்தா ஒரு ஹார்மோன் ஏறும்மா. அது மூத்திரத்துல தெரியும். ஏறியிருந்தா பிள்ளைக்கு வழி இருக்கு. ஏறலைன்னா மாத்திரை வேலை செய்யலைன்னு அர்த்தம். ஆனா சரியான நாள்ல பிடிச்சுக் கொண்டுவரணும். கடைசியா எப்போ தூரமானே?"

வெங்கடம்மாள் தலை குனிந்தாள். தேதியைச் சொன்னவன் சென்னய்யா. அவள் சாய்ப்பில் உட்கார்ந்த நாள் அவனுக்கு நன்றாகத் தெரியும். "அன்னிக்குத்தானே?" என்று வீட்டுத் தெலுங்கில் கேட்டான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரு வாரம் பிந்திய தேதி அது.

டாக்டர் அதிலிருந்து கணக்குப் போட்டு நாள் குறித்தார். ஒரு பகல், ஓர் இரவு முழுக்கப் பெரிய பாட்டிலில் பிடித்ததைச் சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். "எண்ணெயாம்மா? சிந்திராம பாத்துக்க" என்றார் கண்டக்டர். செத்துவிடலாம் போலிருந்தது.

ஹார்மோன் ஏறவே இல்லை என்று முடிவு வந்தது. இனி மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு வாரம் பிந்தி, ஏறி இறங்கிப்போன பிறகு கொண்டுபோனால் எங்கே தெரியும்? அது வெங்கடம்மாள் ஒருத்திக்குத்தான் விளங்கியது. முத்துமணி மறுவாரமே ரெட்டியபட்டியில் மகனுக்கு இன்னொரு பெண் பார்த்துவிட்டாள்.

பெண் பார்க்கப் புறப்படும் காலையில் சென்னய்யா தறிக் குழியிலேயே உட்கார்ந்திருந்தான். "எனக்கு மனசில்ல. ஆத்தா அழுவுறா. நீ என்ன சொல்றே?"

சொன்னால் பொய்க்காரி, அம்மனுக்கே தீட்டுக் காட்டியவள். சொல்லாவிட்டால் சக்களத்தி. "அந்தத் தேதி பொய்ங்க" என்றாள் வெங்கடம்மாள். எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் நின்றிருந்த முத்துமணி காதிலும் விழுந்தது.

"அந்தக் கையால விளக்குப் பொருத்துனியாடி?" அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கே வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். விளக்குப் பக்கம் மருமகளை அண்டவிடவில்லை. சென்னய்யா ரெட்டியபட்டிக்குப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய், கூனிக் குறுகி நின்று, டாக்டரிடம் உண்மையைச் சொன்னான். "உன் உடம்பு. உன் வாயால சொல்றதுக்கென்ன?" என்று டாக்டர் வெங்கடம்மாளைத் திட்டினார். சரியான நாளில் மறுபடி பார்த்தபோது ஹார்மோன் நன்றாகவே ஏறியிருந்தது. மாத்திரை தொடர்ந்தது.

நாலைந்து மாதம் கழித்து உண்மையிலேயே நாள் தள்ளிப்போனது. அவளால் சொல்ல முடியவில்லை. எத்தனை மாதம் இதே பொய்யைத் தின்று வளர்ந்த வீடு! மாமியார் பார்வை தினமும் அவள் மேல் ஊர்ந்தது. இதையும் பொய் என்பார்களோ என்ற அவமானம் தாங்காமல், தீட்டு எதுவும் இல்லாமலே, போய்ச் சாய்ப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் முத்துமணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நின்றாள். துணி காயும் வேலியைப் பார்த்தாள்.

"தீட்டுத் துணி ஒண்ணுகூடக் காயல. எதுக்குடி இங்க உக்காந்திருக்கே?"

வெங்கடம்மாள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். "நாள் தள்ளியிருக்கு அத்தை. நான் சொன்னா நம்புவீகளா?"

முத்துமணி தொடக்கூடாத அந்த இடத்தில், மருமகளை ஒட்டி மண்ணில் உட்கார்ந்தாள். மருமகளின் தலையை முழங்காலிலிருந்து நிமிர்த்தினாள்.

"ஒன்னைய இப்படிப் பொய் சொல்ல வச்சவ நாந்தான்டி. எந்திரி, உள்ள வா."