நான் ஆமையான நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நிரலாக்கம் கற்பிக்கப் போயிருந்தேன். கட்டளை போட்டால் ஆமை நகர்ந்து கோடு வரையும் இணையதளத்தைக் காட்டும்போது, பாடசாலை அதிபர் தன் அறையில் தொலைபேசியை எடுக்க, அதே கம்பியில் வந்த இணைய இணைப்பு அறுந்தது. கணினியை ஓங்கித் தட்டினேன். திரையில் ஆமை அசையவில்லை.

“சரி, நான்தான் ஆமை. நிப்பாட்டச் சொல்லுமட்டும் நிக்கமாட்டன்” என்று முற்றத்தில் இறங்கினேன்.

“பத்தடி நடங்க சேர், வலதுபக்கம் திரும்புங்க, அதையே திரும்பத் திரும்ப செய்ங்க!” என்றாள் மாணவி செல்வி.

சதுரமாகச் சுற்றினேன். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் பணிஸ் வாங்க ஓடிவிட்டார்கள். தூறலிலும் நான் சுற்றினேன், வாக்கு வாக்குத்தானே!

அதிபர் எட்டிப்பார்த்தார். “மாஸ்டர், ஒடம்புக்கு முடியலையா?”

வாயில் பணிஸோடு செல்வி ஓடிவந்தாள். “ஐயோ, நிறுத்தச் சொல்ல மறந்துட்டோம்! நில்லுங்க சேர்!”

அதன்பிறகு, சிக்கி நிற்கும் எந்தக் கணினியையும் நான் தட்டியதில்லை. பாவம், அதுவும் உள்ளுக்குள் என்னைப்போல் சுற்றிக்கொண்டிருக்கும்; அதற்கும் யாரோ நிறுத்தச் சொல்ல மறந்திருப்பார்கள்.