லைன் இல்லாத ஊரிலிருந்து வந்த போன்

எனக்கு எண்பது வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. கணக்கு இடிக்கிறதே என்று பார்க்காதீர்கள், அந்த ஐந்தில் மூத்தது என் தங்கை பொன்னாத்தாள். எங்கள் அம்மா சாகும்போது அவள் இடுப்பில் தூக்கித் திரிகிற பிள்ளை, நான்தான் தூக்கித் திரிந்தேன், அதனால் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேய் பிசாசு என்று எதையும் நான் நம்பினவள் இல்லை. நாங்கள் தோட்டக் கூலிகள். பண்ணாடி, அதுதான் எங்கள் நிலத்துக்காரர், அவர் தோட்டத்துக்கு விடியும் முன்னே சுடுகாட்டு வழியாகத்தான் போவோம், மற்ற பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வருவார்கள், நான் மட்டும் அந்தச் சுடுகாட்டுப் புளியமரத்தடியில் நின்று விழுந்து கிடக்கிற புளியைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவேன். அந்தப் புளியில்தான் எங்கள் வீட்டில் ரசம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டுக் கிழவிக்கு மறதி, எதையோ போட்டுக் குழப்புகிறாள் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

போன வாரம் செல்போனில் ஒருவன் பேங்க்கிலிருந்து பேசுகிறேன், கார்டு நம்பர் சொல்லுங்கள், இப்போதே சொல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவோம் என்றான். நான் கட் பண்ணிவிட்டேன். என் பேத்தி மலர் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்ற அப்பத்தாவை ஆராலயும் ஏமாத்த முடியாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதே வார்த்தையை அவள் அப்பன் ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்த்துச் சொன்னான். அதற்கப்புறம் அந்த வார்த்தையை யார் சொன்னாலும் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அதனால்தான் மலரை உட்காரவைத்து இதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. துடியலூரில் என் மூத்த மகன் பழனிச்சாமி வீட்டு முன்னாலேயே ஷெட் போட்டு லேத் பட்டறை வைத்திருந்தான். பட்டறைக்கு என்று எழுதிப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து வீட்டுக்குப் போன் வந்தது. பூப்போட்ட துண்டு ஒன்றைப் போட்டு மூடி வைத்திருப்போம். தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் நம்பர்தான். பகலில் அதை எடுக்கிறவள் நான். எழுத்து எனக்குத் தடுமாறும், நம்பர் தடுமாறாது.

என் தங்கை பொன்னி வால்பாறையில் இருந்தாள். எஸ்டேட் ஆளுக்குக் கட்டிக்கொடுத்தோம், அவளும் கொழுந்து பறித்தாள், ஒரே மகள் லட்சுமி. லீவு நாளில் பஜாருக்கு வந்தால் அங்கே இருக்கிற எஸ்டிடி பூத்திலிருந்து எனக்குப் பேசுவாள். மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவாள். "நல்லாருக்கியாக்கா, நல்லாருக்கேன், மழைதான், லட்சுமி நல்லாருக்கா, வெச்சர்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள், நான் வாயைத் திறப்பதற்குள் கொர் என்று கேட்கும். எனக்கு இது வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுச் சரசு ஏமாந்தாள். அவள் புருஷன் சிங்காநல்லூரில் மில்லுக்குப் போகிறவர். உங்கள் வீட்டுக்காரர் மிஷினில் விழுந்துவிட்டார், ஆபரேஷனுக்குப் பணம் கட்ட வேண்டும், அக்கம்பக்கம் சொல்லிக் கூட்டம் சேர்க்காதீர்கள், ஆள் வருகிறார், இருக்கிற நகையைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு குரல். ஆளும் வந்தான், ஆட்டோவில். தாலிக்கொடி வரைக்கும் கழற்றிக் கொடுத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் முன்னால், சாயங்காலம் அவர் மிக்சர் பொட்டலத்தோடு வந்து நின்று, "ஏனுங்கம்மணி, எதுக்கு அழுவறே?" என்று கேட்டாராம்.

அன்றைக்குப் பழனி என்னிடம் சொன்னான்.

"அம்மா, திருட்டுப்பய பேச்சு எப்பிடி இருக்கும்னா, உன்னை அவசரப்படுத்துவான். எதாச்சும் கொண்டா, குடுத்துவுடும்பான். ஊட்டுல ஆருக்கும் சொல்லவேண்டாம்பான். அப்பிடி ஒரு பேச்சு வந்தா அழுவறாங்களேன்னு பாக்காதே. போனை வெச்சுப்போட்டு நமக்குத் தெரிஞ்ச நெம்பருக்கு நீயே திருப்பிப் போடு. இல்லீனா நம்ம சனத்துக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணைக் கேளு. முழிப்பான்."

கொஞ்ச நாளில் எனக்கும் வந்தது. டைரக்டரியில் பட்டறைப் பெயரையும் விலாசத்தையும் பார்த்திருப்பார்கள் போல. உங்கள் மகன் கை லேத்தில் மாட்டிக்கொண்டது, இங்கே ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான் என்று ஒருவன் பதறினான். சனிக்கிழமை. பழனி கொல்லையில் தலை நிறைய எண்ணெயோடு உட்கார்ந்திருந்தான்.

"அப்பிடிங்களா. அவன் இங்க சீயக்காய் கேட்டுக் கத்திட்டிருக்கானுங்க. ஏனுங்க, உங்க ஆசுபத்திரில குடுக்க மாட்டீங்களா?" என்றேன்.

தெருவே சிரித்தது. ஒரு மாசம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யாருக்காவது சந்தேகமான போன் வந்தால் என்னிடம் கேட்க வருவார்கள், நானும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நியாயம் சொல்லுவேன்.

அது ஆடி மாசம். துடியலூரில் காற்றுதான், மழை இல்லை, நல்ல வெயில். உலையில் அரிசி போட்டிருந்தேன், பழனி இரும்பு வாங்க டவுனுக்குப் போயிருந்தான். போன் அடித்தது.

"அக்கா, நாந்தான்."

பொன்னி குரல். பின்னால் தகரத்தில் மழை விழுகிற சத்தம்.

"என்ன பொன்னி, இன்னைக்கு வேலை இல்லியா?"

"நீ கெளம்பி வாக்கா. பஸ்சு இருக்கறப்பவே வந்துரு."

"என்னாச்சு? லட்சுமி நல்லாருக்காளா?"

"அவ நல்லாருக்கா. பழனி வாரட்டும்னு உக்காந்திருக்காதே. வரும்போது எனக்கு ஒரு சீலை எடுத்துட்டு வா. புதுசு. பச்சைல எடு."

நம்பினால் நம்புங்கள், நான் பயப்படவில்லை, அழவில்லை, எனக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. அவசரப்படுத்துகிறாள். கொண்டுவரச் சொல்கிறாள். மகனுக்குக் காத்திருக்காதே என்கிறாள், அதாவது அவனிடம் சொல்லாதே என்கிறாள். பழனி சொன்னது மூன்றும் வரிசையாக வந்துவிட்டது. அதோடு, பேச்சு நிதானமாக இருந்தது. மீட்டரைப் பார்த்துப் பேசுகிறவள் பேச்சே இல்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மழையைக் கேட்கவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறவள் மாதிரி பேசினாள். திருட்டுப்பயல்கள் இப்போது பெண்பிள்ளையை வைத்து, அவள் குரலிலேயே பேசவிடுகிறார்களா, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ பொன்னிதானா?"

"என்னக்கா இப்பிடிக் கேக்கறே."

"பொன்னின்னா இதைச் சொல்லு. பண்ணாடியூட்டுப் பித்தளைக் கொடத்தைக் கெணத்துல உட்டது ஆரு?"

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொன்னி சின்னப்பிள்ளையாக இருக்கும்போது என் பின்னாலேயே வந்து, நான் அந்தப் பக்கம் திரும்பினபோது பண்ணாடி வீட்டுக் குடத்தைக் கிணற்றில் தள்ளிவிட்டாள். நான்தான் விட்டேன் என்று சொல்லி எங்கள் அப்பனிடம் சாட்டையடி வாங்கினேன். அவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை, கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்று வயதான பிறகும் பேசவில்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்க வேறு எவ்வளவோ இருந்தது. அவளுக்குப் பிடித்த பலகாரம் எது என்று கேட்டிருக்கலாம். அம்மா பெயரைக் கேட்டிருக்கலாம். என் வாயில் அதுதான் வந்தது.

மழை மட்டும் கேட்டது. அப்புறம் "அக்கா" என்றாள், ஒரே தடவை, மெதுவாக. நான் போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு சும்மா இருந்தேனா? இல்லை. முறைப்படி, தெரிந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டேன். பஜார் பூத்துக்குப் போட்டேன், ஊமை மாதிரி இருந்தது. எஸ்டேட் ஆபீசுக்குப் போட்டேன், அதுவும் ஊமை. டெலிபோன் ஆபீசுக்குப் போட்டுக் கேட்டேன். அங்கே இருந்த பெண், "வால்பாறைக்கு நேத்து ராத்திரியிலிருந்தே லைன் இல்லீங்கம்மா, மரம் உளுந்து கம்பியெல்லாம் அந்து கெடக்குது. அங்க போகவும் போகாது, அங்கிருந்து வரவும் வராது" என்றாள்.

அப்படியே குளிர்ந்துபோனேன் என்று சொல்ல வேண்டிய இடம் இது. இல்லை, எனக்குச் சிரிப்பு வந்தது. லைனே இல்லாத ஊரிலிருந்து எவள் பேசுவாள்? திருட்டுக் கூட்டம்தான் என்று உறுதியாகிவிட்டது. சோற்றை வடித்தேன், சாப்பிட்டேன், படுத்துத் தூங்கினேன்.

சாயங்காலம் பழனி வந்ததும் முழுக்கச் சொன்னேன், நடித்தே காட்டினேன். அவன் பட்டறைப் பையன்களைக் கூப்பிட்டு, "என்ற அம்மாவை ஆராலயும் ஏமாத்த முடியாதுடா" என்றான். அவன் வாய் மூடவில்லை, வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்து நின்றார். நனைந்து காய்ந்த கம்பளி போர்த்தியிருந்தார். வாங்க என்றதற்கு உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்ததற்கு வாங்கவில்லை. எங்கள் பக்கம் அப்படி நிற்கிறவர் என்ன சேதி கொண்டுவந்திருக்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை.

"பொன்னாத்தாளக்கா போயிட்டாங்க. காலைல வேலைக்குச் சங்கு ஊதறதுக்கு முன்னாலயே நெஞ்சு அடச்சுப்போச்சு. போன் பண்ண லைன் இல்லீங்க. வழியெல்லாம் மரம், பஸ்சு நின்னு நின்னு இப்பத்தான் வந்து சேந்தேன். பொறந்தவூட்டுக் கோடிக்காகக் காத்திருக்காங்க."

கோடி என்றால் புதுச் சேலை. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை கொண்டுபோய் மேலே போர்த்த வேண்டும், அதற்கப்புறம்தான் எடுப்பார்கள். அப்பன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான்.

பச்சையில் ஒரு சேலையை வாங்கிக்கொண்டு, பழனி பிடித்த வாடகைக் காரில் கிளம்பினோம். ஆழியாறில் நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு மேலே மண் சரிந்து ரோடே போய்விட்டது, சாயங்காலப் பஸ்தான் கடைசியாக ஏறினது என்றார்கள். போன் வந்த உடனே உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் இருட்டும் முன்னே போயிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்திருப்பேன்.

ரோட்டை ஒழுங்குபண்ணி எங்களை விட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மழையில் எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பார்கள். ஈர மண்மேட்டின்மேல்தான் சேலையை விரித்தேன். மழையில் அது மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

லட்சுமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"பெரியம்மா, அது என்ன கொடமுங்க?"

"எந்தக் கொடம்?"

"அம்மா கடைசியா சுவத்தைப் பாத்துட்டு உங்ககிட்டப் பேசற மாதிரியே பேசுச்சு. கேக்காதேக்கா, கொடத்தை உட்டது நாந்தான், கேக்காதேக்கான்னுச்சு. அதோட சரி."

அது விடியும் முன்னே. நான் அந்தக் கேள்வியைக் கேட்டது, அவள் போன பிறகு, உச்சிப்பொழுது நெருங்குகிற நேரத்தில்.

சாகிறவர்கள் பழசை எதையாவது சொல்லுவார்கள் என்று பழனி சொன்னான். சரி, சொல்லுவார்கள். ஆனால் இனிமேல்தான் கேட்கப்போகிற கேள்வியைக் கேட்காதே என்று எதற்குச் சொன்னாள்? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒன்றும் கேட்காதவள் ஒரே ஒரு சேலை கேட்டாள், அதற்கு நான் அவளுக்குப் பரீட்சை வைத்தேன்.

பழனி சொன்னதில் தப்பில்லை. மலருக்கும் நான் அதையேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவசரப்படுத்தினால் வைத்துவிடு, யாரிடமும் சொல்லாதே என்றால் எல்லோரிடமும் சொல், நீயே திருப்பிக் கூப்பிட்டுப் பார். அதனால் சரசு மாதிரி எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். நானும் அதன்படிதான் நடந்தேன். இன்றைக்கும் நடக்கிறேன். கட் பண்ணிவிட்டு, மழைச் சத்தம் கேட்டதா என்று மட்டும் கொஞ்ச நேரம் யோசிப்பேன்.

போதும் கண்ணு, பேனாவை வை. எழுதினதை முதலிலிருந்து படித்துக் காட்டு, அவள் பேச்சு அவள் பேசின மாதிரியே வந்திருக்கிறதா பார்க்கலாம். நான் அவளைக் கேட்ட கேள்வி வருகிற இடத்தில் மட்டும் வாய்விட்டுப் படிக்காதே. மனசுக்குள் படித்துவிட்டுத் தாண்டிப் போ.