கசக்காத மரவள்ளி

கும்பகோணம் சந்தையில் கடைக்காரர் மரவள்ளிக் கிழங்கை ஒடித்துக் காட்டுகிறார். அந்தப் பச்சை வாடையில் எங்கள் மாட்டுக்கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது.

அது, கசப்பு ரக மரவள்ளியைப் பச்சையாகத் தின்று எங்கள் பசு செத்த வருஷம். கன்று மட்டும் மிச்சம். ஆற்றுப் படுகை நிலத்தில் மறுபடி நட, அப்பா அதே ரகத்துக் குச்சிகளையே கட்டிக்கொண்டு வந்தார்.

"இதான் கிழங்கு நல்லா வைக்கும். அவிச்சா கசப்பு போயிடும்."

அம்மா அடுத்த கொல்லையிலிருந்து வேறு ரகக் கிழங்கை வாங்கி வந்து, கசக்கிறதா என்று பச்சையாகவே மென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நமக்கு அவிக்க அடுப்பு இருக்குங்க. கன்னுக்குட்டிக்கு?"

அந்தக் குச்சிக்கட்டு அடுப்புக்குத்தான் போனது.

"அவிச்சா எல்லாம் ஒண்ணுதாம்மா," என்கிறார் கடைக்காரர், கசக்குமா என்று கேட்டதற்கு.

வீட்டில் இப்போது மாடில்லை. ஆனாலும் நுனியைக் கிள்ளிப் பச்சையாக வாயில் போட்டுக்கொள்கிறேன்.