செப்புப் பட்டை போட்ட டிரான்ஸ்ஃபார்மர்

ஐஸ் தொழிற்சாலையின் கம்ப்ரஸர் அறையில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டும் மனுஷன் அவர். தெருவில் 'ஐஸ்காரர்' என்றால்தான் தெரியும். மனைவி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், நன்றாக கிடார் வாசிப்பாள். போன மாதம் ஒரு சின்ன அரங்கில் அவள் வாசித்தபோது, வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபயர் ஆரம்பம் முதல் கடைசி வரை 'ம்ம்ம்' என்று இரைந்து மானத்தை வாங்கிவிட்டது. அவளுடையதோ மெல்லிய வாசிப்பு. பாதிக்கு மேல் யாருக்கும் எட்டவே இல்லை.

"சனிக்கிழமை மறுபடி வாசிக்கணும். இந்தத் தடவையும் இரைஞ்சுதுன்னா நான் இனிமே மேடையே ஏற மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், பிறகு தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

"அட, நான் எதுக்கு இருக்கேன்? பழைய ரேடியோவுல இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு போட்டு ஆம்ப்ளிஃபயர் நானே செஞ்சு தரேன். இரைச்சல்னு ஒண்ணு இருக்காது பாரு!" என்று ஐஸ்காரர் மார்தட்டினார்.

வால்வு கிடைத்தது, ஸ்பீக்கர் கிடைத்தது. கழுத்தைப் பிடித்தது டிரான்ஸ்ஃபார்மர்தான். இரண்டு வேண்டும்: வீட்டுக் கரண்டை வால்வுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தர ஒன்று, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒன்று. நடுவே நிற்பதில் பிரச்சினை இல்லை. கடைத்தெருவில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தரும் அக்கா ஒருத்தர், வால்வு நம்பரையும் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பதையும் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார். கரண்டுப் பக்கத்துக்குத்தான் இரண்டை மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டும் ஒரே வோல்ட்டுதான் தம்பி. இதுல சுத்திலும் செப்புப் பட்டை போட்டிருக்கேன், காந்தம் வெளிய அதிகம் கசியாது. அதுல பட்டை கிடையாது, ஆனா குள்ளம், பெட்டிக்குள்ள அம்சமா உக்காரும். வீட்டுல வெச்சுக் காதால கேட்டுப் பாத்து ஒண்ணை எடுத்துக்குங்க. ஒயரை வெட்டிட்டா திருப்பி வாங்க மாட்டேன், ஆமா!"

காதால் கேட்பது என்றால் இப்படி. பெட்டிக்கு அடித்தட்டாகப் போகும் தகரத் தட்டின்மேல் கரண்டுப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரையும் நடுவே நிற்பதையும் வைத்து, முதலாவதுக்குக் கரண்டு கொடுப்பது. மற்றதன் ஒயரில் ஹெட்ஃபோனை மாட்டிக் காதில் வைத்துக்கொள்வது. வால்வே இல்லாவிட்டாலும் கசிகிற காந்தம் அதில் இரையும். அதை மெல்லத் திருப்பி நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரைச்சல் அடங்கும். அங்கேதான் திருகாணிக்கு ஓட்டை போட வேண்டும்.

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தார். குள்ளன் இரைந்தது. இரண்டு விரல்கடை திருப்பினார், நின்றுவிட்டது. பட்டை போட்டதை வைத்துப் பார்த்தார், அதுவும் அப்படியே. "ப்பூ, பட்டையாம் பட்டை! எல்லாம் பகட்டு" என்று சிரித்தார். மறுநாள் பட்டைக்காரனைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா விழித்தார். "அதுக்குள்ளயா? அரை மணி நேரம் மல்லுக்கட்டணுமே!" ஐஸ்காரருக்கு வாயெல்லாம் பல். "நமக்கு ரெண்டே நிமிஷம்க்கா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பற்றவைப்பு எல்லாம் முடிந்தது. மனைவி கிடாரை மாட்டினாள். கம்பியில் கைகூட வைக்கவில்லை, முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்க, இதுவும் இரையுதே."

"எது?"

"இதுதான். இந்த ம்ம்ம்."

"விளையாடாதே!"

ஸ்பீக்கரில் காதை வைத்தார், ஒன்றுமில்லை. உள்ளங்கையை வைத்தார். கை குறுகுறுவென்று அதிர்ந்தது. பெட்டியில் கோளாறு இருந்தால் கழற்றிப் பார்க்கலாம், காதை என்ன செய்வது?

அவள் ஹெட்ஃபோனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, "கழட்டுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

அவர் திருப்ப, அவள் சொல்ல, முக்கால் மணி நேரம் ஆனது. "இன்னும் கொஞ்சம். ஐயோ, ஏறுது. பின்னாடி வாங்க. ஆங், நில்லுங்க! அசையாதீங்க!" அவருக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தே திருப்பினார். குள்ளன் முழுசாக அடங்கவில்லை. ஆனால், "இது போதும், இதை வெச்சு வாசிச்சிடுவேன்" என்று அவளே பென்சிலால் கோடு போட்டாள். புது ஓட்டை பழைய ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது.

திருகாணியை முடுக்கும்போது கேட்டாள்: "எத்தனை நாளா இப்படி?"

"தெரியல." அவர் தலை நிமிரவில்லை. "நீ சமையல்கட்டுல மெல்லப் பாடிக்கிட்டே வேலை செய்வியே. அதை நீ விட்டுட்டதா நெனச்சேன். என்மேல ஏதோ வருத்தம்போலன்னு விசாரிக்கவும் பயமா இருந்துச்சு. ஒரு ரெண்டு வருஷம் இருக்கும்."

அவள் ஸ்குரூ டிரைவரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் விடவே இல்லையே" என்றாள். "இன்னிக்குக் காலையிலகூடப் பாடினேன்."